மறுபடி நட்ட டக்ளஸ் ஃபர் வட்டம் வட்டமாகச் சாகிறது: அடிக்கட்டையைப் பிடுங்கவா, உரம் போடவா?

சுஸ்வாப்_காணிக்காரன் (மே 11)

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான். டொராண்டோவில் இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுஸ்வாப் ஏரிப் பக்கம் 40 ஏக்கர் காணியோடு இருக்கிறேன். பனையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவனுக்கு ஊசியிலை மரத்தைப் பற்றி என்ன தெரியும்? அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

2016இல் 18 ஏக்கரில் நின்ற முதிர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்களைத் தறித்து விற்றோம். அடுத்த வசந்தத்திலேயே அதே இனக் கன்றுகளை நட்டோம். ஐந்தாறு வருடம் ஒரு குறையும் இல்லை, என் தோளுயரம் தாண்டின. பிறகுதான் தொடங்கியது. ஒரு கன்று ஒரு வருடம் நுனி நீளாமல் நிற்கும். அடுத்த வருடம் ஊசிகள் வெளிறி மஞ்சளாகும். அதற்கடுத்த கோடையில் முழுக்கச் சிவந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்தால் கவலைப்பட மாட்டேன். இது ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பது, பிறகு அதற்குப் பக்கத்தில் இருப்பது என்று வட்டம் போட்டுக்கொண்டு போகிறது. வடிவாகப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பழைய அடிக்கட்டை ஒன்று இருக்கிறது.

உரக்கடையில் கதைத்தேன். மண்ணில் சத்தில்லை, யூரியா போடு என்றார். பக்கத்துக் காணிக்காரர் கட்டையைப் பிடுங்கு என்கிறார். இணையத்தில் ஓரிடத்தில், அடிக்கட்டையின் மேல் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் வேர்ப்பூசணம் வராது என்று வாசித்தேன். அப்படியானால் யூரியாவே இரண்டு வேலையையும் செய்துவிடுமா? ஒரே செலவில் முடிந்தால் நல்லது.

மரவேர் (மே 11)

வணக்கம். இந்த மாகாணத்தின் தெற்கு உட்பகுதியில் நடவுக் கணக்கெடுப்பு வேலையில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் படித்ததும் ஒரு பெயர் தோன்றுகிறது. ஆனால் வேரைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

முழுக்கச் செத்த கன்றை விட்டுவிடுங்கள், அதில் எல்லாப் பூசணமும் ஏறியிருக்கும். பாதி மஞ்சளான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, கத்தியால் பட்டையை உரித்துப் பாருங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே விசிறி விரித்தாற்போல வெள்ளைப் படலம் இருக்கிறதா? அடியில் பிசின் வடிந்து மண்ணோடு கெட்டியாகி இருக்கிறதா? வேரின் மேல் கறுப்புச் சரடு ஓடுகிறதா?

பழைய அடிக்கட்டையையும் கோடரியால் கொஞ்சம் பிளந்து பாருங்கள். அழுகிய மரம் புத்தகத் தாள் மாதிரி வளையம் வளையமாகப் பிரிந்து வந்தால் அது அடுக்கழுகல், வேறொரு பூசணம். நார் நாராக, ஈரமாக, நடுவே கறுப்புக் கோடுகளோடு இருந்தால் நான் நினைப்பது. கட்டையின் பொந்துக்குள் பழுப்பு நிறத்தில், ஓரம் வெள்ளையாக, தட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் மூன்றாவது ஆள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதுவரை யூரியா மூட்டையைத் தொடாதீர்கள்.

சுஸ்வாப்_காணிக்காரன் (மே 14)

பார்த்துவிட்டேன். நாலு கன்று தோண்டினேன். நாலிலும் பட்டைக்கடியில் பால் ஏடு மாதிரி வெள்ளைப் படலம், காளான் மணம். பிசின் மண்ணோடு சேர்ந்து கல்லாகிக் கிடக்கிறது. இரண்டில் கறுப்புச் சரடு இருந்தது, சப்பாத்துக் கயிறு போல. முதலில் ஏதோ செடியின் வேர் என்றுதான் நினைத்தேன். கட்டை நார் நாராகத்தான் வந்தது.

பச்சையாக, நல்ல சுகத்தோடு நிற்கிற ஒரு கன்றையும் ஐமிச்சத்தில் தோண்டினேன் அண்ணை. அதன் ஒரு வேரிலும் அந்த வெள்ளைப் படலம் இருந்தது. அன்று இரவு நித்திரை வரவில்லை.

மரவேர் (மே 14)

ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூசணம். உங்கள் பகுதியில் அநேகமாக ஆர்மில்லேரியா ஆஸ்டோயே. அந்த ஐந்தாவது கன்றைத் தோண்டினீர்களே, அதுதான் நல்ல வேலை.

இது வெளியிலிருந்து வந்த நோய் கிடையாது. செடாரும் ஹெம்லாக்கும் டக்ளஸ் ஃபரும் கலந்த உங்கள் ஊர்க் காட்டில் காலம் காலமாக மண்ணுக்குள் இருப்பது. பெரிய மரங்கள் நிற்கும்போது வேரில் அங்கங்கே புண்ணாக ஒட்டிக்கொண்டிருக்கும். மரம் அதைச் சுற்றிப் புதுப்பட்டை கட்டி அடக்கி வைத்திருக்கும். மேலே நோஞ்சானாகத் தெரியும் மரங்களைவிட, கீழே வேரில் புண்ணோடு நிற்பவை பல மடங்கு. நீங்கள் மரத்தைத் தறித்த அன்றே அந்த எதிர்ப்பு நின்றுபோகிறது. சின்னப் புண்ணாக இருந்தது ஓரிரு வருஷத்தில் அடிக்கட்டையின் வேர் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டையும் அதற்கு ஒரு சாப்பாட்டுக் களஞ்சியம். அதை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் காத்திருக்கும்.

கன்று நட்டு ஐந்தாறு வருஷம் ஒன்றும் ஆகாததன் காரணமும் இதுதான். கன்றின் வேர் நீண்டு போய்ப் பழைய வேரைத் தொட அத்தனை நாளாகும். தொட்டதும் கணக்கு ஆரம்பிக்கிறது. சிலநேரம் அந்தக் கறுப்புச் சரடே நடந்து வந்து தொடும். உங்கள் மண்ணில் சத்து இருக்கிறதா இல்லையா என்பது தனிக்கதை. இந்த வட்டங்களுக்குக் காரணம் சத்துக்குறைவு கிடையாது. சத்துக்குறைவு கட்டையைச் சுற்றி வட்டம் போடாது.

சும்மா_கேட்கிறேன் (மே 15)

ஒரு சந்தேகம். உலகத்திலேயே பெரிய உயிர் ஏதோ ஒரு காளான் என்று படித்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா? அப்படியென்றால் அண்ணன் காணியை விற்றுவிட்டு டொராண்டோவுக்கே போய்விடலாமே.

மரவேர் (மே 15)

அதே இனம்தான். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் மால்ஹியர் தேசிய வனத்தில் இருப்பது. ஒரே உயிர், சுமார் 965 ஹெக்டேர் பரப்பு, வயது ஈராயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த 965 ஹெக்டேரிலும் காடு இருக்கிறது என்பதையும் பாருங்கள். அதன்மேல்தான் மரங்கள் வளர்கின்றன. அதை ஒழிக்க நினைத்தால்தான் காணியை விற்க வேண்டிவரும். கன்றின் வேரும் அதன் களஞ்சியமும் சந்திப்பதைக் குறைத்தால் போதும்.

தெட்ஃபர்ட்_பக்கம் (மே 16)

யூரியா விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. அது எங்கள் பக்கத்துக் கதை என்பதால் நான் சொல்கிறேன். இங்கிலாந்தின் கிழக்கே தெட்ஃபர்ட் காட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். வேலை வேறு, ஆனால் பன்னிரண்டு வருஷமாக வாரக்கடைசி முழுக்க அந்தக் காட்டில்தான்.

முதல் உலகப்போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, 1919இல் அரசு ஒரு வன ஆணையத்தை அமைத்தது. 1922இலிருந்து தெட்ஃபர்ட்டில் பைன் நட்டார்கள். அடியில் சுண்ணாம்புப்பாறை, மேலே மணல். ஆடு மேய்த்த நிலமும், விளைச்சல் இல்லாமல் கைவிட்ட வயலும்தான் பெரும்பகுதி. மரங்கள் கொஞ்சம் வளர்ந்ததும் ஊடே ஊடே வெட்டிக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு, நின்ற மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாக ஆரம்பித்தன. ஏன் என்று 1940களின் கடைசியில் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ரிஷ்பெத். ஹெட்டிரோபசிடியன் என்ற பூசணம்; மரவேர் சொன்ன அந்த மூன்றாவது ஆள். அதன் வித்து காற்றில் பறந்து வந்து, புதிதாக வெட்டிய கட்டையின் முகத்தில் விழுகிறது. அங்கிருந்து வேருக்கு இறங்கி, பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டு அதற்குப் போகிறது. மரத்தைக் காப்பாற்ற வெட்டிக் கலைத்ததே நோய்க்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

கதவு எது என்று தெரிந்தால் பூட்டுவது சுலபம். முதலில் கட்டையின் முகத்தில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசினார்கள். பிறகு யூரியாக் கரைசல். யூரியா கட்டையின் மேல் அம்மோனியாவாக உடைந்து காரத்தன்மையை ஏற்றிவிடும், விழுந்த வித்து முளைக்காது. அதற்கடுத்து ரிஷ்பெத்தே 1960களில் இன்னும் அழகான வழி ஒன்றைக் கொண்டுவந்தார். ஃப்ளேபியோப்சிஸ் ஜைகாண்டியா என்று ஒரு சாதுவான பூசணம், செத்த மரத்தை மட்டும் தின்னும். அதன் வித்தை வெட்டிய உடனே கட்டையில் தெளித்துவிட்டால், கெட்டவன் வருவதற்குள் இவன் இடம்பிடித்துவிடுவான். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற கதைதான். பின்லாந்தில் அதையே ரோட்ஸ்டாப் என்று விற்கிறார்கள். அங்கே நோய் அபாயமுள்ள பகுதிகளில் வெயில்காலத்தில் வெட்டினால் கட்டைக்கு மருந்து போடுவது சட்டப்படி கட்டாயம்.

ஆக, வெட்டிய சூட்டோடு செய்ய வேண்டிய காரியம் இது. எட்டு வருஷம் கழித்து ஊற்றினால் யூரியா வீண்.

சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பூசணத்துக்கு வட அமெரிக்காவில் ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை ரோமுக்குப் பக்கத்தில் காஸ்டல்போர்ட்சியானோவில் முகாம் போட்டபோது, அவர்கள் கொண்டுவந்த மரச்சாமான்களோடு அது இத்தாலிக்குள் இறங்கிவிட்டது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். படை போய்விட்டது, பூசணம் இன்னும் அங்கே பைன் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது.

மரவேர் (மே 16)

தெட்ஃபர்ட் சொன்னதோடு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆர்மில்லேரியா கட்டையின் முகம் வழியாக வருவதில்லை, தறிக்கும்போதே வேரில் இருக்கிறது. அதனால் புதிதாக வெட்டிய கட்டையாக இருந்திருந்தாலும் யூரியாவோ ஃப்ளேபியோப்சிஸோ உங்களுக்கு உதவியிருக்காது.

பொக்லைன்_ராசு (மே 18)

வணக்கம் அண்ணே. நான் சேலத்துக்காரன், இங்கே வந்து ஒன்பது வருஷமாக மண் வண்டி ஓட்டுகிறேன். இங்கே எக்ஸ்கவேட்டர் என்கிறார்கள், எனக்கு இன்னும் பொக்லைன்தான். கட்டை பிடுங்கும் வேலை நிறையச் செய்திருக்கிறேன்.

வேலை இப்படித்தான். பக்கெட்டுக்கு எதிரே கட்டைவிரல் மாதிரி ஒரு பிடி மாட்டிக்கொள்வோம். கட்டையைக் கவ்வி, முன்னும் பின்னும் அசைத்து, வேரோடு தூக்க வேண்டும். தூக்கின கையோடு நாலு உதறு உதறணும். மண் அந்தக் குழியிலேயே விழ வேண்டும், அது முக்கியம். அப்புறம் கட்டையைத் தலைகீழாக அங்கேயே வைத்துவிடலாம். வேர் வெயிலில் காய்ந்தால் பூசணம் செத்துப்போகும், எரிக்க வேண்டியதில்லை. குழிக்குள் அறுந்து கிடக்கும் வேரில் விரலைவிடத் தடிமனானதைச் சீப்பு மாதிரி இருக்கும் ரேக்கால் வாரி மேலே போடுவோம். சின்ன வேரை விட்டுவிடலாம், சீக்கிரம் மக்கிவிடும்.

நின்ற மரமாக இருந்தால் இன்னும் சுலபம். வெட்டாமலே வண்டியால் தள்ளிச் சாய்த்தால் வேர்த்தட்டோடு வந்துவிடும், அப்புறம் படுக்கையில் வைத்து அறுத்துக்கொள்ளலாம். 2016இலேயே அப்படிச் செய்திருந்தால் ஒரே வேலையாகப் போயிருக்கும். சரி, போனது போகட்டும்.

ஈரமண்ணில் மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மண் காய்ந்திருக்கும்போது கூப்பிடுங்கள்.

மட்கு (மே 19)

ராசு சொன்ன "உதறு" என்ற ஒரு சொல்லுக்காக அவருக்கு நன்றி. நான் சுவீடனில் வனமண் ஆய்வில் இருக்கிறேன், பிடுங்கின கட்டைகளால் எத்தனையோ முறை வயிறு எரிந்திருக்கிறது. இங்கே 2000களில் கட்டையைப் பிடுங்கி மின்நிலையத்தில் எரிபொருளாக எரிக்கிற வேகம் ஒன்று வந்தது. மண்ணைக் கிளறுவது, ஈர நிலத்தில் வண்டித்தடம், கட்டையை நம்பி வாழும் வண்டும் பாசியும் இடமிழப்பது என்று எதிர்ப்பும் கூடவே வந்தது.

ஊசியிலைக் காட்டில் சத்து எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தண்டு மரத்தில் மிகக் குறைவு. ஊசியிலும் சின்னக் கொப்புகளிலும் நிறைய. அதைவிட நிறைய, தரைமேல் மெத்தை மாதிரி கிடக்கும் மக்கிலும் அதற்கடியில் இருக்கும் ஒரு சாண் மண்ணிலும். அந்த மெத்தையைப் பொக்லைன் வழித்து ஓரமாகத் தள்ளிவிட்டால், எந்த உரக்கடையும் அதைத் திருப்பித் தராது. அதனால் கட்டை வெளியே வரலாம், மெத்தை நகரக்கூடாது. கொப்பும் ஊசியும் பரவலாகக் கிடக்கட்டும், குவித்து எரிக்க வேண்டாம். அடியில் சுண்ணாம்பு கலந்த வெளிறிய மண் இருந்தால் அதை மேலே கொண்டுவந்துவிடாதீர்கள், கன்று முகம் சுளிக்கும். சரளை மண்ணென்றால் பயமில்லை. களிமண் என்றால் வண்டி ஏறுவதற்கே யோசிக்க வேண்டும். வட அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய ஒரு நெடுங்காலச் சோதனை இருக்கிறது, பல இடங்களில் மண்ணை வேண்டுமென்றே இறுக்கிப் பார்த்தார்கள். களியில் கன்று தளர்ந்தது. மணலிலோ சில இடங்களில் இறுக்கியபின் நன்றாகவே வளர்ந்தது, தண்ணீர் தங்கியதால். மண் எது என்று தெரியாமல் பொதுவாக ஒரு விதி சொல்ல முடியாது.

இப்போது யூரியா. உரக்கடைக்காரர் சொன்னது பாதி சரி. உட்பகுதிக் காடுகளில் தழைச்சத்துக் குறைவு (யூரியா தருவது அதைத்தான்) சகஜம். ஆனால் அவர் சொல்லாத மறுபாதிதான் எனக்குப் பயம். கன்றின் வேர் பூசணத்தை எதிர்க்கப் பயன்படுத்துவது ஃபீனால் வகைத் துவர்ப்புப் பொருள்கள். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் மரம் சர்க்கரையை வளர்ச்சியில் செலவழிக்கிறது, துவர்ப்பு குறைகிறது. டக்ளஸ் ஃபரில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஊடே வெட்டி, தழைச்சத்தும் போட்ட மரங்கள் நன்றாகப் பருத்தன. ஆர்மில்லேரியாவைக் கொண்டுபோய் வேரில் வைத்தபோது அவைதான் அதிகம் பிடிகொடுத்தன. ஐடஹோவில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு கூட்டு ஆய்வில், தழைச்சத்தை மட்டும் போட்ட இடங்களில், சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவாக இருந்தால் மரச்சாவு கூடியது. சாம்பல்சத்தையும் சேர்த்தபோது நிலைமை மேலாக இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே விடை வரவில்லை, அடியில் இருக்கும் பாறை வகையைப் பொறுத்து மாறியது. எரிமலைப் பாறை மண் தாங்கும், பழைய படிவுப்பாறை மண் தாங்காது.

போதாததற்கு உங்கள் மாகாணத்து உட்பகுதியில் கந்தகமும் போரானும் குறைவான இடங்கள் ஏராளம். அங்கே வெறும் யூரியா போட்டால் போரான் பற்றாக்குறை இன்னும் வெளிப்பட்டு நுனியே கருகும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் யூரியா போடுவீர்கள்.

பொக்லைன்_ராசு (மே 19)

அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் மெத்தையை நகர்த்தாமல் கட்டையைப் பிடுங்கு என்பது, தலையை நனைக்காமல் குளி என்கிற மாதிரி இருக்கிறது. கட்டை வரும்போது இரண்டு மூன்று மீட்டர் சுற்றளவுக்கு மண் புரளத்தான் செய்யும்.

மட்கு (மே 19)

புரளட்டும். புரண்டால் தவறில்லை, மக்கும் மண்ணும் கலந்தால் கன்றுக்குச் சில வருஷம் நல்லதுகூட. நான் சொல்வது ஊர்வலம் போகக்கூடாது என்று. இங்கே சிலர் பிளேடு போட்டுக் கட்டையையும் மண்ணையும் ஒன்றாகத் தள்ளி, வரப்பு மாதிரி வரிசை கட்டிவிடுகிறார்கள். வரிசை மேல் புல்லும் முள்ளும் மண்டி வளரும், நடுவில் நட்ட கன்று சோம்பிக் கிடக்கும்.

தெட்ஃபர்ட்_பக்கம் (மே 20)

அந்த வரிசைகளை இங்கே கண்ணால் பார்க்கலாம். தெட்ஃபர்ட்டில் சுண்ணாம்பு மண் பகுதிகளில்தான் நோய் மோசம், அமில மண்ணில் குறைவு. அமில மண்ணில் டிரைக்கோடெர்மா மாதிரி எதிரிப் பூசணங்கள் நிறைய இருக்கும் என்று ரிஷ்பெத் அப்போதே காட்டினார். அதனால் அபாயமான பகுதிகளில் மட்டும் கட்டையைப் பிடுங்கி, வரிசையாகப் போட்டுவிட்டு மறுநடவு செய்தார்கள். காட்டுக்குள் நடந்தால் புல் மூடிய நீள நீள மேடுகள், அதன்மேல் முயல் வளை. நோயைப் பொறுத்தவரை அது பலன் தந்த வேலை. ஆனால் வேரைக் காப்பாற்றி வளர்த்த கோர்சிகன் பைனை அப்புறம் ஊசிக்கருகல் பூசணம் வந்து பிடித்தது. 2000களின் நடுவில் அந்த இனத்தை நடுவதையே நிறுத்தினார்கள். ஒரே மரத்தைக் கட்டிக்கொண்டு அழுததற்குக் கிடைத்த கூலி என்பேன்.

குன்னூர்_கண்டக்டர் (மே 22)

தம்பிகளா, நான் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் கண்டக்டர், அதாவது மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பைனும் ஃபரும் எனக்குத் தெரியாது. ஆனால் அடிக்கட்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

தேயிலையிலும் இதே தொல்லைதான். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக்கை வெட்டிவிட்டுக் கட்டையை மண்ணில் விட்டால், சில வருஷத்தில் அதைச் சுற்றி செடிகள் வட்டமாகச் சாகும். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? மரத்தை உடனே வெட்ட மாட்டோம். அடியில் பட்டையை வளையமாக உரித்துவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே நிற்கவிடுவோம். இலையில் செய்த மாவுச்சத்து வேருக்கு இறங்காது. வேர் இருப்பதைத் தின்று காலியாகும். காலியான வேரில் நோய்ப் பூசணத்துக்குச் சாப்பாடு இல்லை. ஆப்பிரிக்காவில் நியாசாலாந்து (இன்றைய மலாவி) தேயிலையில் 1930களில் லீச் என்ற விஞ்ஞானி, இந்த ஆர்மில்லேரியாவுக்கென்றே சொன்ன வழி இது. வேரில் ஒரு சீவு சீவி அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமானால் மாவு இன்னும் இருக்கிறது, காத்திரு. நிறம் மாறவில்லையென்றால் வெட்டலாம்.

இன்னொன்று. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு அன்றைக்கே புதுச்செடி நடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. இலங்கைத் தோட்டங்களில் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ போட்டு ஒன்றரை இரண்டு வருஷம் வைப்பார்கள். அறுத்து அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுவார்கள். அதற்குள் பழைய வேரும் மக்கும், மண்ணும் தேறும். நீங்கள் வெட்டின மறுவசந்தமே நட்டேன் என்கிறீர்கள். என்ன அவசரம் தம்பி?

மரவேர் (மே 23)

ஐயா, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இது. வளையம் போடுவதை இங்கே செய்யச் சொல்ல மாட்டேன், காரணத்தையும் சொல்கிறேன். தேயிலையில் பூசணம் வருவதற்குள் வேரைக் காலி செய்துவிடுகிறீர்கள். இங்கே பூசணம் முன்பே வேரில் உட்கார்ந்திருக்கிறது. பட்டையை உரித்தால் மரத்தின் எதிர்ப்பு போகும், உள்ளே இருப்பவன் நிதானமாகச் சாப்பிடுவான். நின்றுகொண்டே கட்டையானதுதான் மிச்சம்.

ஆனால் அந்தப் புல் கதை அப்படியே பொருந்தும். எங்கள் புல் பிர்ச் மரம். தறித்த இடத்தில் நடாமலே தானாக முளைக்கும் வெள்ளைப்பட்டை மரம்தான். முழுக்க நோய் வராத மரம் என்று சொல்ல முடியாது, ஆனால் சின்ன வயதில் நன்றாகத் தாங்கும். அதன் வேர்மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் ஆர்மில்லேரியாவை அடக்குவதைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். டக்ளஸ் ஃபருக்கு இடைஞ்சல் என்று பிர்ச்சை வெட்டிய நடவுகளில், கொஞ்ச காலத்துக்கு ஃபர் சாவு கூடியதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். வெட்டிய பிர்ச்சின் கட்டையும் பூசணத்துக்குச் சாப்பாடுதானே. இலை உதிர்ந்து மக்குவதால் மண்ணுக்கும் லாபம். கடற்கரைப் பக்கத்தில் இதே வேலையை ஆல்டர் மரம் செய்கிறது. அங்கே உள்ள அடுக்கழுகல் ஆல்டரைத் தொடவே தொடாது, கூடவே அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கும். யூரியா மூட்டை தானாக முளைத்து நிற்கிற மாதிரி.

சுஸ்வாப்_காணிக்காரன் (மே 23)

அண்ணை, நெஞ்சில் இடி விழுந்தது போல இருக்கிறது. நான் ஐந்து வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் இரண்டு பேரைச் சம்பளத்துக்குப் பிடித்து பிர்ச் முழுவதையும் வெட்டினேன். ஃபருக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு. காசும் கொடுத்து, நோய்க்குச் சோறும் போட்டிருக்கிறேன்.

மரவேர் (மே 23)

மனதை விடாதீர்கள். வெளிச்சம் வேண்டும் என்பதும் உண்மைதான். பிர்ச் அடர்ந்தால் ஃபர் ஒடுங்கும். முழுக்க வெட்டுவதற்கும் முழுக்க விடுவதற்கும் நடுவில் இடம் இருக்கிறது. ஃபரின் தலைக்குமேல் கவிந்து நிற்பதை மட்டும் எடுங்கள். வெட்டின பிர்ச் கட்டையிலிருந்து துளிர்க்கும், துளிர்த்தால் விடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: நாடாவும் கொம்பும் எடுத்துக்கொண்டு 18 ஏக்கரையும் நடங்கள். சாவு இருக்கும் வட்டங்களை வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் வெளியே பச்சையாக நிற்கும் இரண்டு வரிசையையும் வட்டத்துக்குள் சேருங்கள், உங்கள் ஐந்தாவது கன்றை நினைவில் வைத்து. அந்த வட்டங்களில்தான் ராசுவுக்கு வேலை. அதற்கு வெளியே பொக்லைன் போக வேண்டாம். வட்டத்துக்குள் திரும்ப டக்ளஸ் ஃபரையே நடாதீர்கள். செடார் பிரதானமாக, கூடவே லார்ச், கொஞ்சம் பைன். செடாரையும் ஆர்மில்லேரியா தொடும், ஆனால் செடார் புண்ணைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டு பிழைத்துவிடும். லார்ச் சின்ன வயதில் சாகும், இருபது வயது தாண்டினால் நன்றாகத் தாங்கும்.

நான் கதை சொல்வதாக நினைக்க வேண்டாம். சால்மன் ஆர்முக்கு மேற்கே ஸ்கிமிகின் என்ற இடத்தில் 1968இல் போட்ட சோதனை நடவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். ஒரு பகுதியில் கட்டையைப் பிடுங்கி வேரை வாரியெடுத்தார்கள், ஒரு பகுதியைச் சும்மா விட்டார்கள். இரண்டிலும் பல இனங்களைத் தனியாகவும் கலந்தும் நட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து எண்ணியபோதும் பிடுங்கிய பகுதியில் சாவு மிகக் குறைவு.

சும்மா_கேட்கிறேன் (மே 24)

இலையுதிர்காலத்தில் அந்த ஆர்மில்லேரியா தேன் நிறத்தில் காளான் விடுமாமே. பறித்துக் குழம்பு வைத்தால் நோயும் போகும், வயிறும் நிறையும்.

மட்டுறுத்துநர் (மே 24)

காளானைப் பறிப்பது, மாங்காயைப் பறித்து மாமரத்தைக் கொல்ல நினைப்பது போல. இன்னொன்று, படம் பார்த்துக் காட்டுக்காளான் சமைக்கும் யோசனை எதையும் இந்தத் தளத்தில் வளர்க்க வேண்டாம். அதே நிறத்தில் ஆளைக் கொல்லும் காளான் கட்டைகளில் முளைக்கும்.

சுஸ்வாப்_காணிக்காரன் (அக்டோபர் 9)

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஜூன் முழுக்க நடந்தேன். 18 ஏக்கரில் வட்டங்களையும் அவற்றின் ஓரங்களையும் கூட்டினால் நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. முழுக்கப் போய்விட்டது என்று பயந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். மேற்கு மூலையில் ஒரு ஏக்கர் களிமண், கீழே ஊற்று. அங்கே வண்டியை ஏற்றவில்லை. அதைப் பிர்ச்சிடமே விட்டுவிட்டேன்.

மிச்சம் மூன்று ஏக்கரில் ராசு தம்பி ஆகஸ்ட் கடைசியில் வந்து ஐந்து நாள் வேலை செய்தார். ஒவ்வொரு கட்டையையும் அவர் உதறியதைப் பார்த்தபோது, அம்மா கீரைக்கட்டை உதறுவது ஞாபகம் வந்தது. கட்டைகள் தலைகீழாக வெயிலில் கிடக்கின்றன. என் மனைவி அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருக்கிறது என்கிறாள்.

போன வாரம் மழைக்குப் பிறகு, பிடுங்காத அந்த ஒரு ஏக்கரில் பழைய கட்டைகளைச் சுற்றித் தேன்நிறக் காளான் குலை குலையாக வந்திருக்கிறது. பிடுங்கிய பக்கம் இரண்டே இரண்டு இடத்தில்தான் பார்த்தேன்.

மட்கு அக்காவுக்கு: சத்துப் பரிசோதனைக்கு ஊசியிலைகளை எடுத்து அனுப்ப வேண்டும் என்று தனிமடலில் சொன்னீர்கள். இப்போது எடுக்கலாமா?

மட்கு (அக்டோபர் 10)

எடுக்கலாம், வளர்ச்சி நின்றுவிட்டது. இந்த வருஷம் வந்த ஊசியாக, மரத்தின் மேல்பகுதிக் கொப்பிலிருந்து எடுங்கள். நல்ல மரங்களில் மட்டும் எடுங்கள், நோயுள்ளதில் எடுத்தால் அளவு ஏமாற்றும். பத்துப் பதினைந்து மரத்தின் ஊசியைக் கலந்து ஒரே பொட்டலமாக அனுப்புங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்தோடு கந்தகமும் போரானும் பார்க்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சிலர் போரானை விட்டுவிடுவார்கள்.

சுஸ்வாப்_காணிக்காரன் (டிசம்பர் 2)

முடிவு வந்தது. தழைச்சத்து கொஞ்சம் குறைவு. சாம்பல்சத்து சுமார். போரான் நன்றாகக் குறைவு.

மட்கு (டிசம்பர் 2)

அப்படியென்றால் யூரியா வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது. புதுக்கன்றுகள் வேர் பிடிக்கட்டும். போரானை மட்டும் ஓர் ஆளிடம் கணக்குப் போட்டுக் கேட்டு, மிகக் கொஞ்சமாகப் போடுங்கள். கூடினால் அதுவே விஷம். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் பழைய மரங்களுக்கு நடுவே மெல்லிசாகத் தூவலாம். தழைச்சத்து தவிர மற்றதெல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கன்றின் காலடியில் கொட்டாதீர்கள்.

குன்னூர்_கண்டக்டர் (டிசம்பர் 3)

தம்பி, வரும் வசந்தத்திலேயே நடப்போகிறீர்களா?

சுஸ்வாப்_காணிக்காரன் (டிசம்பர் 3)

இல்லை ஐயா. ஒரு வருடம் விடுகிறேன். செடார் 1,200, லார்ச் 400, பைன் 300 என்று அதற்கடுத்த வசந்தத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மரவேர் (டிசம்பர் 3)

செடாருக்கு வலைக்கூண்டும் சேர்த்துச் சொன்னீர்களா? பூசணம் அதை விட்டுவைக்கும், மான் விடாது.

சுஸ்வாப்_காணிக்காரன் (டிசம்பர் 3)

மானா? அதை யாரும் சொல்லவே இல்லையே அண்ணை.